சிமெண்டுத் தோணிக்கு இரண்டு தட்டு

பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்னை ஓட்டைக் கொத்தன் என்று சொல்வார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. டீயைக் குடித்துவிட்டு நான் பத்தடி நடந்த பிறகு, புதிதாக வந்தவன் எவனாவது "யாருண்ணே அது?" என்று கேட்பான். "அவந்தாம்ப்பா, ஓட்டைக் கொத்தன்" என்று பதில் வரும். காற்று ஓயாமல் அடிக்கிற ஊர். சொன்னது அப்படியே காதில் வந்து விழும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றதால் அல்ல. பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் எழுந்திருக்க மாட்டேன். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தோணியின் கதையை எழுதிக் கொண்டுவா என்று ஒருவர் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் சிக்கலுக்குப் பக்கத்தில். எங்கள் ஆட்கள் கடலில் கால் நனைப்பது ஆடி அமாவாசைக்கு மட்டும்தான். முப்பது வயதுவரை நான் கட்டியதெல்லாம் வீடும் தண்ணீர்த் தொட்டியும். என் அக்காவின் வீட்டுக்காரரும் கொத்தனார். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அவர் அக்காவைக் கட்டிக்கொண்ட மறு மாதத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே ஜோடியாக வேலைக்குப் போனோம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஊர் ஊராகச் சிமெண்டுத் தொட்டி கட்டிய காலம் அது. செங்கல் கிடையாது. கம்பியை வளைத்துக் கூடு கட்டி, கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலையை அதன்மேல் நாலைந்து சுற்றுச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி, வலைக்குள் கலவையை அழுத்தி நிரப்புவது. சுவர் ஒரு அங்குலம்தான் இருக்கும். சம்மட்டி போட்டாலும் லேசில் உடையாது.

இந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. ஒருவன் உள்ளே நின்று கலவையை வலைக்குள் அழுத்துவான். வலையின் கண்களெல்லாம் நிறைந்து அது வெளியே பிதுங்கும். வெளியே நிற்பவன் உள்ளங்கையை வலைமேல் வைத்துக் காத்திருந்து, பிதுங்கியதை இழுத்துச் சமன் செய்து, மணியாசுக் கட்டையால் தேய்ப்பான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கத்தினால் தொட்டிக்குள் எதிரொலித்து ஒன்றும் விளங்காது. அதனால் தட்டு. உள்ளே இருப்பவன் கரண்டிக் காம்பால் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினால் 'பொறு' என்று அர்த்தம். இரண்டு தட்டுத் தட்டினால் 'நிறைந்துவிட்டது, தேய்'.

இரண்டு தட்டு வந்த பிறகு வெளியே நிற்பவன் திருப்பித் தட்டிக் கேட்கக் கூடாது. கேட்டால் 'நீ சொல்வது பொய்' என்று சொன்ன மாதிரி. பல ஜோடிகள் பிரிந்ததே இதில்தான். என் ஜோடியோ அக்கா புருஷன். ஏழெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் திருப்பித் தட்டியதில்லை. தட்ட அவசியமும் வந்ததில்லை.

அக்கரையில் சண்டை முற்றியிருந்த வருஷம். குண்டுக்குத் தப்பி வருகிற குடும்பங்களைப் படகுக்காரர்கள் ஏற்றிவந்து, தனுஷ்கோடிக்கு அப்பால் கடலில் கிடக்கும் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போவார்கள். கரை வந்துவிட்டது என்று சொல்லித்தான் இறக்குவார்களாம். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். குடிக்க ஒரு மடக்கு இல்லை, ஒதுங்க நிழல் இல்லை. யாராவது பார்த்துக் கூட்டிவரும்வரை ஒரு நாளோ இரண்டு நாளோ கைக்குழந்தையோடு வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பாம்பன் தீவின் தென்கரையில் இருந்த ஒரு மீனவர் ஊரும், அங்கே ஐஸ் ஆலை வைத்திருந்த மீன் வியாபாரி ஒருவரும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். தட்டையான அடியோடு பெரிய தோணி ஒன்று கட்டி, அதில் குடிதண்ணீர்ப் பீப்பாய்களை அடுக்கி, மேலே தார்ப்பாய் நிழல் போட்டு, நம் பக்கத்துத் திட்டுக்கு அருகே நங்கூரம் போட்டு நிறுத்துவது. அதற்கு எழுதிக் கேட்டு அனுமதியும் வாங்கியிருந்தார்கள். இரும்புத் தகடு தோதுப்படவில்லை. பைபரில் செய்யலாம் என்றால், அந்த வருஷங்களில் அந்தக் கரையில் பைபர், என்ஜின், டீசல் எது வாங்கினாலும் யாருக்கு, எதற்கு என்று விசாரணை வரும். கோழிவலையையும் சிமெண்டையும் வாங்கினால் வீடு கட்டுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் சிமெண்டுத் தோணி என்று முடிவாகி, தொட்டி கட்டுகிற எங்களைத் தேடி வந்தார்கள்.

தோணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்த ஊர்க்காரர்கள் ஒரு மீனவரிடம் கொடுத்திருந்தார்கள். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. முதல் நாளே எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கன இருந்துப்பா வாரீக?"

"சிக்கல் பக்கம்ணே" என்றார் மச்சான்.

"அங்கன கடலு இருக்கா?"

"கம்மா இருக்கு."

"கம்மாயில தண்ணி இருக்கா?"

மச்சான் சிரித்துவிட்டார். "மழை பேஞ்சா இருக்கும்ணே."

"நல்லாருக்கு. தண்ணியே பாக்காத ஆளுங்க தோணி கட்ட வந்திருக்கீக. அதுவும் சிமிட்டியில. எறக்கிவிட்டா நேரா அடியில போய் உக்காந்துக்கிட்டு நண்டுக்கு வீடாகும்."

மச்சான் மிச்சமிருந்த வலைத் துண்டில் ஒரு சட்டி அளவுக்குக் கூடு பின்னி, கலவை பூசி, ஒரு வாரம் ஈரச்சாக்கில் போட்டு வைத்தார். எட்டாம் நாள் அதைக் கொண்டுபோய்க் கடலில் விட்டார். சிமெண்டுச் சட்டி தள்ளாடி நிமிர்ந்து மிதந்தது. அந்த மீனவர் தன் புகையிலைப் பொட்டலத்தையும் தீப்பெட்டியையும் அதற்குள் வைத்து, முழங்கால் தண்ணீரில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, இது பொய்யில்லலே" என்றார் கடைசியில். அன்று மத்தியானம் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு நகரை மீன் குழம்பு வந்தது. மச்சானுக்கு அந்தத் திறமை உண்டு. யாரையும் ஒரு வாரத்தில் தன் பக்கம் இழுத்துவிடுவார். எனக்கு அவர் பக்கத்தில் நிற்பதே போதுமாக இருந்தது. அவர் பேசுவார், நான் பேச வேண்டியதில்லை.

கம்பி வேலைக்கு மட்டும் மூன்று மாதம் ஆனது. நாற்பதடி நீளம். கூட்டைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தோம். நான் அடியில் மல்லாந்து படுத்துக் கட்டுக்கம்பி முறுக்குவேன். மச்சான் பீச்சாங்கைக்காரர். எல்லாரும் வலப்பக்கம் முறுக்கினால் அவர் இடப்பக்கம் முறுக்குவார். கூட்டைப் பார்த்தாலே எது அவர் கட்டிய முடிச்சு, எது என்னுடையது என்று தெரியும். "நான் செத்தாலும் என் முடிச்சு சொல்லும் மாப்ள" என்பார்.

அந்த நாட்களில் ஒரு தடவை, வியாபாரி வந்து வேலையைப் பார்த்துவிட்டு, கீழக்கரையில் தனக்குத் தெரிந்தவர் ஒருவர் வளைகுடாவில் தண்ணீர்த் தொட்டி வேலைக்கு ஒரு கொத்தனார் கேட்டிருப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு விசாதான். "தோணி நல்லா மெதக்கட்டும். உங்க ரெண்டு பேருல கை யாரு சுத்தம்னு பாத்து அனுப்பச் சொல்றேன்" என்றார். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. போகிற ஆள் அவர்தான் என்று நானே மனதில் முடிவு செய்திருந்தேன். இதை இங்கே எழுதக் காரணம், அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்பதுதான்.

பூச்சு ஒரே நாளில் முடிய வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால், பழைய கலவைக்கும் புதிய கலவைக்கும் நடுவில் மூட்டு விழும். மூட்டில் கடல் நுழையும். கலவைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீர் சேர்ந்தால் உள்ளே கம்பி அரித்துப்போகும். தங்கச்சிமடத்திலிருந்து டிராக்டர் டேங்கர் வந்துபோய்க்கொண்டிருந்தது. எங்களோடு இன்னும் மூன்று ஜோடிக் கொத்தனார்களை அழைத்திருந்தோம். விடிந்ததும் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். முன்பக்கத்தை மீனவர்கள் அணியம் என்பார்கள். அதன் கீழ் மூலைதான் கஷ்டமான இடம். இரண்டு பக்கக் கம்பியும் அங்கே வந்து சேர்வதால் கூடு அடர்த்தி. கை நுழைய இடம் இருக்காது. அதை மச்சான் எங்களுக்கென்று கடைசியில் வைத்திருந்தார்.

நாலு மணி வாக்கில் டேங்கர் வரவில்லை. வழியில் டிராக்டர் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. மற்ற ஜோடிகள் தங்கள் பாகத்தை முடித்திருந்தார்கள். எங்கள் மூலை மட்டும் பாக்கி. கையில் இருந்த கலவையும் பாதியாகக் குறைந்திருந்தது.

"எங்க கெணத்துத் தண்ணி இருக்கு, எடுத்துட்டு வரவா?" என்று அந்த மீனவர் கேட்டார்.

"அதுல உப்பு இருக்குண்ணே" என்று உள்ளேயிருந்து மச்சானின் குரல் வந்தது. "இருக்கறது போதும். நாங்க பாத்துக்கறோம்."

வியாபாரி மேலே, தோணியின் விளிம்பில் கைவைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து மச்சானின் முதுகு மட்டும்தான் தெரியும். நான் அடியில் படுத்து, மூலையில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தேன். ஒரு தட்டு வந்தது. பொறுத்தேன். கலவை சொட்டுச் சொட்டாக முகத்தில் விழுந்து எரிந்தது. வெகுநேரம் கழித்து இரண்டு தட்டு வந்தது.

என் உள்ளங்கைக்கு எதுவும் வந்து சேரவில்லை. ஒரு சாண் அகலத்துக்கு வலை காய்ந்து கிடந்தது. கரண்டியைத் திருப்பிப் பிடித்தேன். காம்பால் கம்பியைத் தட்டி, 'நிறையவில்லை' என்று கேட்க வேண்டும். கையைத் தூக்கிவிட்டேன். தட்டவில்லை. முதலாளி மேலே நிற்கிறார், மற்றக் கொத்தனார்கள் சுற்றி நிற்கிறார்கள், அத்தனை பேர் முன்னால் அக்கா புருஷனைப் பொய்யன் என்று சொல்கிறமாதிரி ஆகும் என்று நினைத்தேன். இறுகிப்போன கலவை உள்ளேயே நின்றிருக்கும், கம்பி அடர்த்தியால் பிதுங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னிடமிருந்த மிச்சக் கலவையை வெளியிலிருந்தே அப்பித் தேய்த்து மூடினேன். அது என் தப்பு. அதை நான் யார் தலையிலும் போடவில்லை.

பிறகு நாலு வாரம் தோணிமேல் ஈரச்சாக்கைப் போர்த்தித் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் 'டங்' என்ற சத்தம், அந்த மூலையில் மட்டும் 'பொத்' என்றது. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கம்பி கூடுன எடத்துல சத்தம் அப்படித்தான் வரும் மாப்ள" என்றார். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அமாவாசைக்கு மறுநாள் கடல் மட்டம் ஏறியபோது, பனந்தடிகளை உருட்டித் தோணியைக் கடலில் இறக்கினார்கள். அந்த ஊர்ப் பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொன்னார்கள். நாங்கள் அணியத்தில் தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழம் வைத்தோம். தோணி மிதந்தது. அந்த மீனவர் என் தோளில் கைபோட்டு, "சிக்கல்காரனுக்குக் கடலு வசப்பட்டிருச்சுய்யா" என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை.

பத்து நாள் கழித்துத் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றி, இரண்டு வள்ளங்களில் கட்டித் திட்டுப் பக்கம் இழுத்துப் போனார்கள். தோணியில் அந்த மீனவர் மட்டும் இருந்தார். நடு வழியில் ஒரு வள்ளம் அணியத்தின் மூலையில் லேசாக உரசியது. படகுகள் உரசுவது தினமும் நடப்பதுதான். ஆனால் அந்த இடத்தில் மேல்பூச்சு ஓடு மாதிரிப் பிளந்து தண்ணீர் ஏறியது. அவர் கட்டியிருந்த கைலியை அவிழ்த்து அடைத்து, அதன்மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாராம். பாரம் குறைய வேண்டுமென்று வள்ளத்துக்காரர்கள் தோணியில் ஏறிப் பீப்பாய்களை ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளினார்கள். கரைக்கு இழுத்து வந்து சேர்க்கும்போது தோணி பாதி மூழ்கியிருந்தது. அணியம் மணலில் புதைந்து நின்றது.

அந்த வாரத்திலேயே நாலு குடும்பம் திட்டில் இறக்கிவிடப்பட்டு, ஒன்றரை நாள் கழித்துக் கரைக்கு வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர்களைப் பார்த்துவிட்டு வந்த அந்த மீனவர் என்னிடம் அதிகம் பேசவில்லை.

"நாக்கு வீங்கிப்போய் உக்காந்திருக்காக தம்பி. அந்தத் தண்ணி அங்கன நின்னிருக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ஐஸ் ஆலைக் கொட்டகையில் எங்களை நிறுத்தி விசாரித்தார்கள். தோணியின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். தண்ணீர் ஏறிய ஒரு கீறலைத் தவிர, உள்ளே அந்த மூலை வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. வெளியேதான் பெரிய பிளவு.

"இந்த மூலைய யாரு பூசுனது?" என்று வியாபாரி கேட்டார்.

"உள்ள நான்" என்றார் மச்சான். "நெறைச்சுத் தட்டிட்டேன். வெளிய மாப்ள."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த மீனவர்தான் என் பக்கம் திரும்பினார். மூன்று மாதம் எங்களோடு இருந்ததில் தட்டுக் கணக்கு அவருக்கும் பழகியிருந்தது.

"தம்பி, நீ சொல்லு. ரெண்டு தட்டு கேட்டுச்சா?"

கேட்டது. அது உண்மை. அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது: தட்டு வந்தது, கலவை வரவில்லை. அதைச் சொன்னால் அக்கா புருஷன் பொய் சொன்னார் என்று ஆகும். அக்காவுக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. மச்சானே இப்போது வாயைத் திறந்து சொல்வார் என்று ஒரு கணம் காத்திருந்தேன். உள்ளங்கையை வலைமேல் வைத்துக் காத்திருந்த மாதிரியே காத்திருந்தேன்.

"கேட்டுச்சுண்ணே" என்றேன்.

"அப்ப வெளிப்பூச்சுதான்" என்றார் வியாபாரி.

பிளவைப் பிரித்துப் பார்க்காமல் மேலோடு அடைத்துத் தார் பூசினார்கள். அதன் பிறகு அந்தத் தோணியில் ஏற யாருக்கும் துணிவில்லை. சில மாதங்களில் அக்கரைச் சண்டையும் முடிந்துவிட்டது. தோணி கரையிலேயே சாய்ந்து கிடந்தது. கடல்பாசி எடுக்கும் பெண்கள் அதன்மேல் பாசி காயப்போட்டார்கள். மச்சான் கீழக்கரைக்காரர் மூலம் வளைகுடாவுக்குப் போனார். ராமநாதபுரம் ரயில்வே ஸ்டேஷனில் வழியனுப்பப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னையும் ஒரு வருசத்துல கூப்புட்டுக்கறேன் மாப்ள" என்றார். கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

தீவில் எனக்கு வேலை நின்றது. பிறகு மண்டபம், உச்சிப்புளி என்று பெயர் பின்னாலேயே வந்தது. ஒரு இடத்தில் பெண் பார்க்கப் போனோம். பலகாரம் வைத்தார்கள். பெண்ணின் மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தோணி பூசுனது நீங்கதானா?"

தலையாட்டினேன்.

"வீடு பூசுனா ஒழுகாதுல்ல?" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிற வேலைக்குப் போனேன். மாட்டுத்தொட்டி, சமாதி என்று சில்லறைப் பூச்சு வேலை வந்தால் செய்வேன். நாற்பதை நெருங்கும்போதுதான் கல்யாணம் நடந்தது. தோணியைப் பற்றி என் மனைவிக்கு நான் சொன்னதில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

போன ஐப்பசியில் அந்த மீனவர் போன் செய்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. குரல் கிழடு தட்டியிருந்தது.

"தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஒண்ணு காட்டணும்."

போனேன். கடல் அரித்து அவர் வீட்டுப் பக்கம் வந்துவிட்டது. தடுப்புக்குப் போடலாமென்று பழைய தோணியை உடைத்துத் துண்டு துண்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அணியத்தின் மூலைத் துண்டை மட்டும் அவர் தனியே எடுத்து வைத்திருந்தார். உள்பக்கத்து வழவழப்பான பூச்சு கால் அங்குலம். வெளியே நான் அப்பியது கால் அங்குலம். நடுவில் கலவையே இல்லை. சிமெண்டுச் சாக்கு ஒன்றை நாலாக மடித்துத் திணித்து, அது சரிந்துவிடாமல் கட்டுக்கம்பியால் முடிந்திருந்தது. சாக்கில் அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை. கம்பி துருவேறி இருந்தாலும் முடிச்சு தெரிந்தது. இடப்பக்கம் முறுக்கிய முடிச்சு.

"உள்ள நின்னது உங்க மச்சாந்தான?" என்றார் அவர். "அன்னைக்கு நீ ஏய்யா வாயத் தொறக்கல?"

துருவேறிய அந்த முடிச்சை விரலால் நெருடினேன்.

"நான் உன்னைய பதினாறு வருசமா மனசுல வஞ்சுக்கிட்டே இருந்தேன். முதுகக் குடுத்து உக்காந்தேன்ல, அந்தத் தழும்பத் தடவுறப்ப எல்லாம் வைவேன். இப்ப ஊருக்குச் சொல்லவா, வேண்டாமா?"

"அக்காகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வாரேண்ணே" என்றேன். சாக்குத் துண்டை அந்த முடிச்சோடு ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார்.

மச்சான் வெளிநாட்டிலிருந்து திரும்பி ராமநாதபுரத்தில் மாடி வீடு கட்டியிருந்தார். மேலே தண்ணீர்த் தொட்டி மட்டும் பாக்கி. அதைப் பழையபடி கம்பியும் வலையுமாக நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டுவோம் என்று ஒரு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போனபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவளுக்கு இது இடியாக இறங்கும் என்று பயந்தேன். பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"என்னடா சாக்கு இது?"

"தோணி மூலைக்குள்ள இருந்துச்சு."

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். எனக்குப் பேச வராத மாதிரி அவளுக்குப் பொய் வராது.

"இம்புட்டு வருசத்துல இது மக்கலையா" என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "உனக்குத் தெரியுமாக்கா?"

"பூசுன வாரம் வீட்டுக்கு வந்தப்பவே சொல்லிட்டாரு. கலவை பத்தல, மொதலாளி தலைக்கு மேல நிக்கிறாரு, சாக்கத் திணிச்சு மூடிட்டேன், மறுநாள் பிரிச்சு நெறைச்சுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள எறுகிப்போச்சுன்னு அழுதாரு."

"மூழ்குன பெறகு?"

"பாஸ்போர்ட்டக் கீழக்கரையில குடுத்தாச்சே. அவரு பேரு கெட்டிருந்தா விசா போயிருக்கும். ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நீ ஒத்தக்கட்டை. எப்படியும் பொழச்சுக்குவ."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேக்கா. சொல்லிட்டு, ஏத்துக்கடான்னு சொல்லிருந்தாலும் ஏத்துருப்பேன்."

"அதாண்டா. சொன்னாலும் ஏத்துருப்ப, சொல்லாட்டியும் ஏத்துருப்ப." கீரையை எடுத்து மறுபடி ஆயத் தொடங்கினாள். "அவரு விசாரணைக்குப் போக பயந்தாரு. நாந்தான் சொன்னேன், தம்பி வாயத் தொறக்க மாட்டான், நீங்க தைரியமாச் சொல்லுங்கன்னு."

யாருக்காக நான் அந்தக் கொட்டகையில் வாயை மூடிக்கொண்டேனோ, அவளே முன்கூட்டி என் வாயை அளந்து பார்த்து வைத்திருந்தாள். மச்சான் செய்ததைக்கூட என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. கலவை குறைந்தது, பயந்துபோனார், மூடினார். நானும் அன்று வெளியிலிருந்து மூடியவன்தானே. இது வேறு. என் கூச்சத்தை என்னோடு பிறந்தவள் மாதிரி யாருக்குத் தெரியும்? சின்ன வயதில் வாத்தியார் அடித்தால் எனக்காகப் போய்ப் பேசியவள் அவள்தான்.

"இத அவருகிட்டக் காட்டாத. இங்கனயே வச்சுட்டுப் போ" என்றாள். எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சாக்குத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். தண்ணீரைத் தொடவில்லை. அக்கா வீட்டில் கை நனைக்காமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை. அவளும் அதைக் கவனித்தாள்.

வாசலுக்கு வந்தபோது மேலிருந்து மச்சானின் குரல்.

"மாப்ள, எப்ப வந்த? கூடு கட்டி வச்சிருக்கேன், வந்து பாரு. நாள் சொல்லு, பூசிருவோம். வெளிப்பூச்சுக்கு உன்னைய விட்டா எனக்கு ஆளு ஏது?"

நிமிர்ந்து பார்த்தேன். பையிலிருந்து சாக்கின் முனையும் துருக்கம்பியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"உள்ள யாரு நிக்கிறது மச்சான்?" என்று கேட்டேன்.

அவர் மாடிக் கைப்பிடிச் சுவரை விட்டுப் பின்னால் நகர்ந்தார். நான் நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரமாக நின்று அந்த மீனவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, நீங்க கேட்டீகள்ல. ஊருக்குச் சொல்லிருங்க."

அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. "யாருகிட்டன்னு சொல்றது தம்பி? அன்னைக்குக் கொட்டகையில நின்னதுல பாதிப் பேரு இல்ல. மொதலாளியும் போய்ச் சேந்துட்டாரு. இப்ப இருக்கற பயலுகளுக்கு அந்தத் தோணியே தெரியாது. உன் பேரு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப அந்தப் பேரு எங்கன இருந்து வந்துச்சுன்னாவது சொல்லுங்கண்ணே."

"நீ வந்து சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"எனக்குப் பேச வராதுண்ணே."

"அப்ப எழுதிக் கொண்டா. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய வாரப்ப, படிச்ச புள்ள எதையாச்சும் வச்சு வாசிக்கச் சொல்றேன். அந்த மூலைத் துண்ட நான் தூக்கிட்டு வாரேன்."

ஒரு மாதமாக எழுதுகிறேன். நோட்டில் எல்லாம் எழுதி முடித்த பிறகும், அக்கா சொன்ன இடத்தை மட்டும் இரண்டு நாள் எழுதாமல் விட்டு வைத்திருந்தேன். சாக்கும் முடிச்சுமே என் பேருக்குப் போதும், அவளை ஏன் இழுக்க வேண்டும் என்று தோன்றியது. மூன்றாம் நாள் அதையும் எழுதிவிட்டேன்.